கப்பலில் வாந்தி நின்றுவிட்டது, அம்மா இன்றிரவு பஃபேக்குப் போகலாமா?

வேண்டாம். காலையில்தான் வாந்தி நின்றது என்கிறீர்கள். கடைசி வாந்தி அல்லது பேதியிலிருந்து 48 மணி நேரமாவது அம்மா கேபினிலேயே இருக்கட்டும். சாப்பாட்டை அறைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

"மணிக்கொருதரம் சானிடைசர் போட்டும் எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோரோவைரஸாக இருக்கலாம். கப்பலில் வயிற்றுக் கோளாறு பரவினால் பெரும்பாலும் அதுதான். ஆல்கஹால் கரைக்கக்கூடிய கொழுப்பு உறை அதற்குக் கிடையாது. அதனால் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவினால் கையைவிட்டுப் போகும். பஃபேயில் சாதக் கரண்டியின் பிடியை ஒரு வேளைக்கு எத்தனை கை தொடும்? சானிடைசர் போட்ட அதே கைகள்தான்.

இப்போது ஒன்று பாருங்கள்: அம்மாவுக்குச் சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, என்ன நிறம்? அடர் மஞ்சளாக இருந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ உடம்பில் நீர் போதவில்லை. ஓஆர்எஸ்ஸை (உப்பு, சர்க்கரை கலந்த கரைசல்) மடக்கு மடக்காகக் கொடுங்கள்.

கப்பல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அடைத்துவைப்பார்களே என்று பலர் சொல்வதில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அமெரிக்கத் துறைமுகக் கப்பல்களில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3% பேர் சொன்னால்தான் அது நோய்ப்பரவல் கணக்கில் வரும்.

மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல் இருந்தால் நான் சொன்னதை விடுங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். அப்புறம், கிருமி தொற்றியிருந்தால் தொற்றியதிலிருந்து 12 முதல் 48 மணி நேரத்துக்குள் உங்களுக்கும் வரலாம்.