நம்பர் பிளேட் ஸ்க்ரூ இறுகவில்லையா? மரை போன ஓட்டைகள் பற்றிக் கேள்வி பதில்

நம்பர் பிளேட்டுக்கு எடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் காற்றும் அதிர்வும் அதைச் சும்மா விடுவதில்லை. டிக்கிக் கதவை அடித்துச் சாத்தும்போதெல்லாம் ஒரு குலுக்கல் வேறு. அதனால்தான் ஓட்டையில் மரை போய்விட்டது என்ற புகார் இத்தனை பேரிடமிருந்து வருகிறது. கேள்விகளுக்குள் போவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள், எங்கேயும் துளைக்காதீர்கள்.

கேள்வி: சார், பின்பக்க பிளேட்டில் ஒரு ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் பெரிய ஸ்க்ரூ போட்டால் சரியாகுமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பாதிப் பேருக்கு வேலை இன்னும் கெட்டுப்போவதும் இதனால்தான். பின்னால் இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஓட்டையில் செருகிய பிளாஸ்டிக் புஷ் என்றால் அதைக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். பெரிய ஸ்க்ரூ அதைப் பிளந்துவிடும். தகட்டின் பின்னால் பற்றவைத்த நட் என்றால், பெரிய ஸ்க்ரூ மிச்சமிருக்கும் மரையையும் வழித்துவிடும். வெறும் தகட்டில் தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் தகர ஸ்க்ரூ என்றால் மட்டும் உங்கள் யோசனை பலிக்கும்: 4.2 மி.மீ. போட்டிருந்த இடத்தில் 4.8 போடலாம். அதுவும் ஒரே ஒரு தடவை. மறுபடியும் போனால் வேறு வழிக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: என் காரில் சதுர ஓட்டையும் வெள்ளை பிளாஸ்டிக் புஷ்ஷும் இருக்கின்றன. ஸ்க்ரூவோடு சேர்ந்து புஷ்ஷும் சுற்றுகிறது. கழற்றவே முடியவில்லை.

ஸ்க்ரூவை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே திருப்ப வேண்டும். பிளேட்டுக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, பெயின்ட் கீறாமல் ஒரு துணி வைத்து, லேசாக நெம்புங்கள். அந்த இழுவிசையில் புஷ் தகட்டோடு அழுந்தி நின்றுகொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால் புஷ்ஷின் விளிம்பைக் கூர்மூக்குக் குறடால் பிடியுங்கள். கடைசி வழி, ஸ்க்ரூவின் தலையை வெட்டி எடுப்பது.

புதுப் புஷ் வாங்கும்போது சதுர ஓட்டையின் பக்க அளவை அளந்துகொண்டு போங்கள். ஸ்க்ரூ உள்ளே ஏறும்போது புஷ் விரிந்துதான் பிடிக்கிறது. மெல்லிய ஸ்க்ரூ போட்டால் அது விரியாது, நீங்கள் எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று, பிளாஸ்டிக்கில் பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் பின்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், திருப்புங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று சின்னதாக விழும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து முன்பக்கம் திருகினால் ஏற்கனவே வெட்டிய தடத்திலேயே ஏறும். இதைச் செய்தால் ஒரே புஷ் பல தடவை தாங்கும்.

கேள்வி: தீக்குச்சியை ஓட்டையில் திணித்து ஸ்க்ரூ போடலாம் என்கிறார்கள். சரியா?

மரக் கதவுக்குச் சரி, வண்டிக்கு வேண்டாம். குச்சி ஈரத்தைக் குடித்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும். தகட்டில் அது நிற்கவே நிற்காது.

கேள்வி: எம் 6 நட்டில் வேறு ஏதோ போல்ட்டைப் போட்டுவிட்டேன் போல. இரண்டு சுற்று ஏறியதும் இறுகியது. ஸ்பேனரால் திருப்பினேன், மரை போச்சு.

அது கால் அங்குல போல்ட்டாக இருக்கலாம். அதன் விட்டம் 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 20 மரை, அதாவது மரைக்கு மரை இடைவெளி 1.27 மி.மீ. எம் 6-இல் விட்டம் 6, இடைவெளி 1. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொடக்கத்தில் ஏறுவதுபோல ஏமாற்றி, பிறகு நட்டின் மரையைத் தின்றுவிடும். எந்த போல்ட்டாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று சுற்று வெறும் விரலால் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இப்போது என்ன செய்யலாம்? மரை முழுதாக அழியாமல் குறுக்கே கீறப்பட்டிருந்தால் எம் 6 டேப்பை (மரை வெட்டும் கருவி, ஒட்டும் டேப் அல்ல) எண்ணெய் தடவி உள்ளே விடுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகப் போனால் பல நட்டுகள் பிழைத்துக்கொள்ளும். முழுதாக அழிந்துவிட்டது, ஆனால் பின்னால் கை போகிறது என்றால் அதைவிட எளிது எதுவும் இல்லை: பழைய நட்டையே சும்மா ஒரு துளையாக நினைத்துக்கொண்டு, நீளமான போல்ட்டை அதன் வழியாக விட்டு, பின்னால் அகலமான வாஷரும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நட்) போட்டு முடித்துவிடலாம். கை போகாத இடம் என்றால் ரிவெட் நட், அதாவது முன்பக்கமிருந்தே துளையில் செருகித் தகட்டைக் கவ்வ வைக்கும் நட். எம் 8-க்குப் பெரிதாக்கலாமே என்று கேட்பீர்கள். பிளேட்டின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டி வரும், அதனால் வேண்டாம்.

கேள்வி: அண்ணே, ரிவெட் நட் போட அந்தத் துப்பாக்கி மாதிரி கருவி இருந்தே ஆக வேண்டுமா? தகட்டிலேயே நேராக மரை போட்டுவிட்டால் என்ன?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கார் உடல் தகடு பொதுவாக 1 மி.மீ.-க்கும் மெல்லியது. எம் 6 மரையின் இடைவெளியே 1 மி.மீ. ஆக, ஒரு முழு மரைகூட அந்தத் தகட்டில் விழாது. இரண்டு தடவை இறுக்கினால் போய்விடும். அதற்காகத்தான் நட் வேண்டியிருக்கிறது.

கருவி இருந்தால் வசதி, இல்லாமலும் போடலாம். எம் 6 ரிவெட் நட்டுக்குப் பெரும்பாலும் 9 மி.மீ. துளை, எம் 5-க்கு 7. ஆனாலும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை. எவ்வளவு தடிமனான தகட்டைப் பிடிக்கும் என்பதும் அங்கேயே இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம். மெல்லிய தகட்டில் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் பிட் நல்லது, துளை வட்டமாக வரும். பிசிறை அரத்தால் தட்டிவிட்டு, வெட்டுப்பட்ட விளிம்பில் பிரைமரோ டச்-அப் பெயின்ட்டோ தடவிக் காய விடுங்கள். இதைத் தவிர்த்தால் துரு அந்த விளிம்பில்தான் ஆரம்பிக்கும்.

அப்புறம், முழுவதும் மரையுள்ள எம் 6 போல்ட்டில் ஒரு நட்டைத் தலை வரை ஏற்றி, எண்ணெய் தடவிய இரண்டு வாஷர் போட்டு, ரிவெட் நட்டை முனையில் திருகி, துளையில் செருகுங்கள். ஒரு ஸ்பேனரால் போல்ட்டின் தலை அசையாமல் பிடியுங்கள், இன்னொன்றால் நட்டை ரிவெட் நட்டை நோக்கி இறுக்குங்கள். போல்ட் வெளியே இழுபடும், ரிவெட் நட்டின் உடல் பின்பக்கம் புடைத்துத் தகட்டைக் கவ்வும். திடீரென்று கனத்துப்போவது கைக்கே தெரியும், அங்கே நிறுத்திவிடுங்கள். பிடித்திருந்த தலையை விட்டுவிட்டால் எல்லாம் சேர்ந்து சுற்றும், துளையும் தேய்ந்துவிடும்.

கேள்வி: துளைக்கவெல்லாம் பயமாக இருக்கிறது. எபாக்ஸி போதாதா?

பிளேட் எடை குறைவு என்பதால் போதும். பழைய ஓட்டையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலோகத்துக்கான எபாக்ஸியை நிரப்புங்கள். 24 மணி நேரம் காயட்டும். பிறகு எம் 6-க்கு 5 மி.மீ. துளை போட்டு, மரை வெட்டும் டேப்பை விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே மெழுகு தடவிய ஸ்க்ரூவைச் செருகிவைப்பவர்களும் உண்டு. மெழுகு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் ஸ்க்ரூ அங்கேயே குடியிருந்துவிடும். மெல்லிய தகட்டில் எபாக்ஸிக்குப் பிடிமானம் இல்லை. ஆழமான ஓட்டைக்கு மட்டும் இந்த வழி.

கேள்வி: இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப் மட்டும் போட்டால்?

நல்ல டேப் பிடிக்கும்தான். சுத்தமான பரப்பில் அழுத்தி ஒட்டினால், முழுப் பலம் வர அறை வெப்பத்தில் 72 மணி நேரம் ஆகும். ஆனால் டேப்பை மட்டும் நம்பி ஒட்டுவதை உங்கள் ஊர்ச் சட்டம் ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் டேப், பிளேட் கடகடக்காமல் இருக்க ஸ்க்ரூவுக்குத் துணை.

கேள்வி: பைக்கில் பிளேட்டின் ஓட்டையே கிழிந்து நீளமாகிவிட்டது.

அதிர்வின் வேலை. பிளேட்டுக்குப் பின்னால் அதே அகலத்தில் ஒரு அலுமினியப் பட்டையை வைத்து, இரண்டுக்கும் சேர்த்து அகலமான வாஷர், ரப்பர் வாஷர், நைலாக் நட் போடுங்கள். வாஷர் எண்ணையோ எழுத்தையோ மறைக்கக் கூடாது.

கேள்வி: துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் கவலை இல்லைதானே?

ஸ்க்ரூ துருப்பிடிக்காது. ஆனால் அலுமினிய ரிவெட் நட்டில் அதைப் போட்டு, உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும், ஸ்க்ரூவும் சிக்கிக்கொள்ளும். மரையில் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

கேள்வி: பழைய ஓட்டையை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் துளைக்கலாமா?

பின்பக்கம் என்றால் பிளேட் விளக்கின் ஒயர், கேமரா ஒயர். முன்பக்கம் என்றால் பம்பருக்குப் பின்னால் சென்சார், சில வண்டிகளில் ஏசி கண்டென்சர். இவை அங்கே இல்லை என்று உறுதியானால் மட்டும் துளையுங்கள். அப்போதும் டிரில் பிட்டின் முனையிலிருந்து 10 மி.மீ. விட்டு அடையாளத்துக்கு ஒட்டும் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அதற்குமேல் உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: கடைசியாக, எவ்வளவு இறுக்குவது?

கையால் நின்றதும் கால் சுற்று. பிளேட் ஸ்க்ரூவைச் சுற்றிக் குழிய ஆரம்பித்தால் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.