தாத்தா பெட்டியில் கிடைத்த செப்புக் காசு ராஜராஜன் காசா? லட்சக்கணக்கில் விலை போகுமா?

ஒரு பக்கம் ஒருவர் நிற்கிறார், மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இந்தி மாதிரி எழுத்து என்று சொல்கிறீர்கள். அப்படியானால் ராஜராஜன் காசாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் லட்சம் எல்லாம் வராது. எழுத்து ஓரளவு தெரிகிற ஒன்றை நான் கும்பகோணத்தில் 200 ரூபாய்க்கு வாங்கினேன், தேய்ந்தவற்றை அதே கடையில் தட்டில் குவித்து வைத்திருந்தார்கள், ஒன்று 50 ரூபாய். அச்சடித்ததும் ஏராளம், இன்றுவரை புதையல்களில் கிடைப்பதும் ஏராளம், அதனால் ஆயிரம் வருடப் பழசு என்பது மட்டும் விலையை ஏற்றிவிடாது.

விலைக்கு முன்னால் அது யார் காசு என்று பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் இடது கைப்பக்கம், நீங்கள் இந்தி மாதிரி என்று சொன்ன நாகரி எழுத்தில் ஸ்ரீ, ராஜ, ராஜ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் ராஜராஜன். எழுத்து வேறாக இருந்தால் விட்டுவிடாதீர்கள், அங்கேதான் சுவாரசியமே. இதே வடிவத்தைச் சோழர்கள் இலங்கையை விட்டுப் போன பிறகும் அங்கிருந்த அரசர்கள் தங்கள் பெயரைப் போட்டு அடித்தார்கள். விஜயபாகு, பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், ஏன், லீலாவதி என்ற அரசிகூட. உருவம் என்னவோ எல்லாவற்றிலும் அதே குச்சிக் கை கால் ஆள்தான், பெயரைப் படித்தால்தான் யார் காசு என்று தெரியும். சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பதும் அரிதான பெயருக்கும் தெளிவான எழுத்துக்கும்தான்.

அப்புறம் எடை. நகைக்கடைத் தராசில் போட்டால் 4 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின் காட்டும், குறுக்களவு 2 செ.மீ. அளவில் இருக்கும். காந்தத்தில் ஒட்டினால் அது செம்பே இல்லை. விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினாலோ, மேற்பரப்பில் ஊசி குத்தியது போலக் குட்டிக் குட்டிக் குழிகள் இருந்தாலோ வார்ப்பில் செய்த போலியாக இருக்கலாம். அசல் காசுகள் அச்சில் அடித்தவை, ஓரம் கோணலாக இருப்பது குறையே இல்லை.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பன்னிரண்டு வயதில் என்னிடம் இருந்த ஒன்றை நான் அப்படித்தான் பளபளவென்று ஆக்கினேன், விளக்கிய பாத்திரம் மாதிரி ஜொலித்தது, இன்றுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தக் கரும்பச்சைப் படலம் காசுக்கு ஒரு தோல் மாதிரி, சேகரிப்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். தொட்டால் மாவாக உதிர்கிற வெளிர்பச்சைக் களிம்பு வேறு விஷயம், அது காசை அரித்துக்கொண்டே போகும். அப்படி இருந்தால் மற்ற காசுகளோடு சேர்க்காமல் தனியாக, ஈரம் படாமல் வையுங்கள்.

"உங்கள் காசை 5 லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எவராவது வந்தால் உடனே பிளாக் செய்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021-ல் அறிவிப்பு கொடுத்தது. ராமர், அனுமன் படம் போட்ட 1818-ஆம் ஆண்டு கம்பெனிக் காசு, அரிசியை இழுக்கும் காசு என்பதெல்லாம் சுத்தப் பொய். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை.

இன்னொன்று, 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடம் கொடுத்து விற்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது குற்றம்.

சரி, படம் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து இரண்டு பக்கமும் எடுங்கள், எழுத்து நிழலில் எழும்பித் தெரியும். எடையையும் எழுதினால் பெயரைப் படித்துச் சொல்கிறேன்.