கியூபா ஏவுகணை நெருக்கடி: உங்கள் இரண்டு புத்தகங்களில் எது சரி?

கியூபாவில் வைத்த சோவியத் ஏவுகணைகளால் 1962இல் மூண்ட நெருக்கடி எப்படி முடிந்தது என்பதில் உங்கள் புத்தகங்கள் முரண்படுகின்றன: சோவியத் தலைவர் குருஷேவ் மட்டும் பணிந்து அவற்றை அகற்றினார் என்கிறது ஒன்று; துருக்கியிலிருந்து அமெரிக்காவும் ஏவுகணைகளை அகற்றியது என்கிறது மற்றொன்று. இரண்டாவது புத்தகம்தான் சரி. குருஷேவ் மட்டும் பணிந்தார் என்பது பாதிக் கதை.

1962 அக்டோபர் 27 இரவு, துருக்கியில் இருந்த ஜூபிடர் என்ற அமெரிக்க ஏவுகணைகள் போய்விடும் என்று சோவியத் தூதர் டோப்ரினினிடம் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி உறுதி சொன்னார். வெளியே தெரியக்கூடாது என்பது நிபந்தனை. 1963 ஏப்ரலுக்குள் அகற்றிவிட்டார்கள். நூல்கள் முரண்படுவது பெரும்பாலும் இந்த ரகசியத்தால்தான். கியூபா தலைவர் காஸ்ட்ரோவை இரு தரப்புமே கலந்து பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். ராபர்ட் கென்னடியின் நினைவுக்குறிப்பைப் பதிப்பித்தபோது இந்தப் பேரத்தை மறைத்ததாக அதிபர் கென்னடியின் ஆலோசகர் சோரன்சன் 1989இல் மாஸ்கோவில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய நூல் என்றால் கவனம்.

அதற்காக அதிபர் கென்னடி தோற்றார் என்று விடையில் எழுதிவிடாதீர்கள். ஜூபிடர் அப்போதே பழசு. போலாரிஸ் ஏவுகணைகளைத் தாங்கிய நீர்மூழ்கிகள் அதன் இடத்துக்கு வந்துகொண்டிருந்தன.