கணினி கேள்வி–பதில்: குட்டி லேப்டாப்பில் லினக்ஸ்

மண்டபத்திலிருந்து தொண்டி வரை, ராமநாதபுரம் கடலோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பழைய, சின்ன லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய 11.6 அங்குல லேப்டாப். செலரான் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 10 'இடம் போதாது' என்று அப்டேட்டையே ஏற்க மறுக்கிறது. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. லினக்ஸ் போடலாமா? எதை, எப்படி?
— அரசு ஊழியர், மண்டபம்

போடலாம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். அந்த விளிம்பில் நிற்கும் கருவியில் அதை ஏற்றினால் இன்னும் திணறும்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. உங்கள் கருவிக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு பொருந்தும். லுபுண்டு 24.04 என்ற இன்னொரு வகை இதைவிட இலகுதான். ஆனால் அதன் ஆதரவு 2027 ஏப்ரலில் முடிகிறது, மின்ட் 2029 வரை ஓடும். தவிர லுபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 'ஸ்னாப்' என்ற பொதிவடிவில் வருகிறது. மெதுவான சேமிப்பில் அது முதல்முறை திறக்க எடுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். மின்ட்டில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுங்கள். 64 ஜிபியில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைக்க ஆசைப்படாதீர்கள், இரண்டுமே மூச்சுமுட்டும். விண்டோஸ் போய்விடுமே என்ற பயமும் வேண்டாம். கடையில் விண்டோஸுடனேயே விற்ற லேப்டாப்களில் அதன் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பின்னால் வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மின்ட்டை நிறுவ இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபியை ஒட்டி இருக்கும். தினம் ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கில் ஒரே நாளில் இறங்காது. டொரண்ட் வழியாக இறக்கினால் இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு துண்டும் சரிபார்க்கப்பட்டே சேரும். நேரடியாக இறக்கினால் 7-ஜிப் நிறுவி, கோப்பின்மேல் வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்து, மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இன்ஸ்டால் பாதியில் நிற்கும் புகார்களில் கணிசமானவை அரைகுறையாக இறங்கிய கோப்பால் வருபவை.

பென்டிரைவ் 8 ஜிபி போதும். அதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸில், ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளைத் திறந்து ஐஎஸ்ஓவைக் காட்டி, பார்ட்டிஷன் வகை ஜிபிடி, டார்கெட் யுஇஎஃப்ஐ (புதிய கருவிகளைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) என்று வைத்து எழுதுங்கள். 'ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா' என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ. அதில் பூட் ஆகாவிட்டால் மட்டும் டிடி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் '512 ஜிபி' பென்டிரைவ்களில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அவற்றில் பல உள்ளே 8 ஜிபிகூட இல்லாத போலிகள்.

பென்டிரைவிலிருந்து தொடங்க வைக்கும் பூட் மெனுவுக்கு, ஆன் செய்ததும் அழுத்த வேண்டியவை: லெனோவோ, டெல் கருவிகளில் எஃப்12; எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9; ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய, முதலில் எஃப்2 வழியாக பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அதை இயக்கிவைக்க வேண்டும். இந்தச் சாவிகளை அழுத்தியும் அசையாமல் நேராக விண்டோஸுக்கே போகிறதென்றால், விண்டோஸிலிருந்தே ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'யூஸ் எ டிவைஸ்' என்பதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

உடனே இன்ஸ்டால் பட்டனைத் தட்டாதீர்கள். பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும். வைஃபை, சத்தம், டச்பேட், கேமரா, வெளிச்சம் கூட்டிக் குறைத்தல், மூடி திறந்தால் விழித்தல் ஆகிய ஆறையும் பாருங்கள். மலிவு விலை செலரான் கருவிகளில் அதிகம் சறுக்குவது சத்தம். ஈஎஸ்8336 என்ற ஒலிச் சில்லு உள்ளவற்றில் ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்கலாம். ஆன்லைன் வகுப்புக்கு அது முக்கியமென்றால், 300 ரூபாய் அளவில் கிடைக்கும் யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றோடு பிரச்சினை முடிந்தது.

நிறுவும்போது 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். சாதாரண ஹார்ட் டிஸ்க் 'எஸ்டிஏ' என்று தெரியும். உங்கள் சேமிப்பு போர்டில் ஒட்டிய இஎம்எம்சி என்பதால் 'எம்எம்சிபிஎல்கே0' என்று தெரியும், 'எஸ்டிஏ' என்று தெரிவது பென்டிரைவாக இருக்கும். பெயரைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள்: 64 என்று விற்றது 58 ஜிபி சுற்றித் தெரியும். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள், நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பேட்டரி செத்துப்போய் சார்ஜரை நம்பியே ஓடும் லேப்டாப் என்றால் கரண்ட் நிற்காத நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.

முடிந்ததும் மூன்று வேலை. மென்பொருள் நிறுவும் சினாப்டிக்கைத் திறந்து 'ஜீரேம்-கான்ஃபிக்' என்ற பேக்கேஜை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரேம் நிரம்பும்போது, மெதுவான இஎம்எம்சிக்குத் தள்ளுவதற்குப் பதில், உள்ளதையே சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கும். 4 ஜிபி கருவியில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். அடுத்து, கணினியின் நிலையைப் பிரதி எடுத்து வைக்கும் 'டைம்ஷிப்ட்'டை அமைக்கச் சொல்லி மின்ட் நச்சரிக்கும். அதை அப்படியே ஒப்புக்கொண்டால் பிரதிகள் சேர்ந்து சேர்ந்து இந்தச் சின்ன டிஸ்க்கை நிரப்பிவிடும். ஒரே ஒரு பிரதி போதும் என்று அமையுங்கள். மூன்றாவது, மென்பொருள் மேலாளரில் ஒரே மென்பொருள் இரண்டு வடிவில் இருந்தால் 'ஃபிளாட்பேக்' அல்லாததை எடுங்கள், இடம் மிச்சம்.

ஒன்றை மகளிடம் சொல்லிவிடுங்கள். சும்மா இருக்கும்போது மின்ட் ஒரு ஜிபிக்குள்தான் பிடிக்கும். பிரவுசரில் 15 டேப் திறந்தால் மீதி மூன்றும் காலி. எந்த இயங்குதளம் போட்டாலும் பிரவுசரின் எடை குறையாது.

பரணில் கிடந்த 10 அங்குல நெட்புக். ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம். லுபுண்டு பென்டிரைவ் போட்டால் 'இந்தக் கர்னலுக்கு எக்ஸ்86-64 வேண்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டி நின்றுவிடுகிறது. பென்டிரைவ் கெட்டதா?
— பெட்டிக்கடை உரிமையாளர், தங்கச்சிமடம்

பென்டிரைவ் நன்றாகவே இருக்கிறது. எக்ஸ்86-64 என்றால் 64-பிட் பிராசசர். 2008-இல் வந்த என்270 ஒரு 32-பிட் சில்லு. லுபுண்டு 32-பிட்டைக் கைவிட்டுப் பல வருடமாகிறது. 2025 ஆகஸ்டில் வந்த, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பும் 32-பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது.

டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்ட்டிஎக்ஸ் 23 என்ற இலகுவான லினக்ஸின் 32-பிட் 'ஃபுல்' பதிப்பை எடுங்கள். இந்த நெட்புக்கில் யுஇஎஃப்ஐ கிடையாது. ரூஃபஸில் எம்பிஆர், பயாஸ் என்று வைத்து எழுதுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போது கடவுச்சொல் கேட்டால் 'டெமோ', நிர்வாகி கடவுச்சொல் 'ரூட்', இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். 1024×600 திரையில் இன்ஸ்டாலரின் 'நெக்ஸ்ட்' பட்டன் கீழே மறைந்து நிற்கும். ஆல்ட் சாவியைப் பிடித்துக்கொண்டு மவுஸால் ஜன்னலை மேலே இழுத்தால் பட்டன் தெரியும்.

பழைய டிடிஆர்2 லேப்டாப் ரேம் 2 ஜிபி ஒன்று கைமாற்று விலையில் கிடைத்தால் போடுங்கள். இந்தக் கருவியின் உச்சவரம்பே அதுதான். அதற்குமேல் காசு இறக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸும் 32-பிட் லினக்ஸை 2025-இல் கைவிட்டுவிட்டது; நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை ஆதரவு என்று அறிவித்தது. கடைக் கணக்கு எழுத, பாட்டுப் போட இது போதும். யூடியூப் எதிர்பார்க்காதீர்கள்.

மின்ட் போட்டேன். எல்லாம் சரி, வைஃபை மட்டும் பட்டியலிலேயே இல்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும்!
— கல்லூரி மாணவி, கீழக்கரை

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போன் அமைப்பில் போனின் நெட்டைக் கேபிள் வழியே தரும் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். டிரைவர் எதுவும் இல்லாமலே லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் இது நடக்காது. பிறகு 'டிரைவர் மேனேஜர்' திறந்தால், பிராட்காம் சில்லாக இருக்கும்பட்சத்தில் டிரைவரைக் காட்டும்; நிறுவுங்கள்.

அங்கீகாரம் இல்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் நடுவில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும். பதறிப்போய் 'கன்டினியூ பூட்' தட்டிவிடாதீர்கள். டிரைவர் நிறுவியும் வைஃபை வராததற்கு இதுவே வழக்கமான காரணம். 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய் அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பாமினியில் அடித்த பழைய கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. லினக்ஸுக்கு மாறலாமா?
— கடைக்காரர், தொண்டி

கடையின் ஒரே கணினி என்றால் மாறாதீர்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் லினக்ஸில் நேரடியாக ஓடாது. லிப்ரே ஆபீஸ் அந்தக் கோப்புகளைத் திறக்கப் பார்க்கும். ஆனால் பக்க அமைப்பு கலைந்து வந்தால் கல்யாணப் பத்திரிகைக்காரர் காத்திருக்க மாட்டார். கேனான் எல்பிபி2900 மாதிரி பிரின்டர் இருந்தால் இன்னும் யோசியுங்கள். அதன் லினக்ஸ் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எச்பி லேசர்கள் பெரும்பாலும் செருகியதும் ஓடும்.

இரண்டாவது கணினியில் போடுவதாக இருந்தால்: பாமினி எழுத்துருக் கோப்பை ஹோம் ஃபோல்டரில் '.ஃபான்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் செய்து அதில் போடுங்கள். விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டு, பாமினியைத் தேர்ந்தெடுத்துப் பழைய கைவாகில் அடிக்கலாம். யூனிகோடில் தமிழ் அடிக்க 'ஐபஸ்-எம்17என்' பேக்கேஜை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ்99 சேருங்கள். விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாகத் தெரியும் 'தமிழ்நெட்' அமைப்பைத் தொடாதீர்கள். புள்ளி தானாக விழும் தமிழ்99 வசதி அதில் வேலை செய்யாது.

ஆன்ட்டிஎக்ஸ் போட்ட லேப்டாப். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி 2009-க்குப் போய்விடுகிறது. எந்தத் தளமும் திறப்பதில்லை, அப்டேட்டும் ஏற மறுக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிபட்டினம்

மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது. உண்மையான தளம்தான் என்று காட்டும் இணையதளச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. 2009-இல் நிற்கும் கருவிக்கு அவை 'இன்னும் பிறக்காத' சான்றிதழ்கள். அப்டேட் பட்டியலும் அதே காரணத்தால் மறுக்கப்படுகிறது. இப்போதைக்குத் தேதியைக் கையால் திருத்தினால் எல்லாம் திறக்கும். புதிய பேட்டரி 3 வோல்ட். லேப்டாப்புக்குள் பெரும்பாலும் வயரும் சிறு கனெக்டரும் வைத்த வகை இருக்கும், பழையதைக் கழற்றிக் கடையில் காட்டியே வாங்குங்கள்.

திறந்ததுதான் திறந்தீர்கள், உப்பையும் பாருங்கள். மழைக்காலத்தில் கருவாட்டு மூட்டை கசிவதைப் பார்த்திருப்பீர்கள். போர்டில் படியும் உப்பும் அதே மாதிரி காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈர உப்பு மின்சாரம் கடத்தும், செம்பைப் பச்சையாக அரிக்கும். பெரிய பேட்டரியை முதலில் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான பிரஷ்ஷால் ரேமின் தங்கப் பற்களையும் யுஎஸ்பி துளைகளின் ஓரத்தையும் துடைத்து, அரை மணி நேரம் உலரவிட்டு மூடுங்கள். ரேம் பற்களில் உப்பு ஏறினால் இன்ஸ்டால் ஒவ்வொரு முறை ஒவ்வோர் இடத்தில் நிற்கும். ஆட்கள் பென்டிரைவையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அரிசி டப்பாவில் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசி உப்பை எடுக்காது.

படகில் சின்ன லேப்டாப்பில் ஜிபிஎஸ் வைத்து, வலை போடும் பார்களை (கடலடிப் பாறைத் திட்டுகளை)க் குறித்து வைக்க முடியுமா?
— விசைப்படகு உரிமையாளர், பாம்பன்

முடியும். சினாப்டிக்கில் 'ஓபன்சிபிஎன்' என்ற கடல் வரைபட மென்பொருளை நிறுவுங்கள். யு-பிளாக்ஸ் யுஎஸ்பி ஜிபிஎஸ் செருகினால் 'டிடிஒய்ஏசிஎம்0' என்று தெரியும். ஓபன்சிபிஎன் இணைப்புகளில் அதைச் சேருங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி உள்ளே வாருங்கள். படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்ட, லேப்டாப் வோல்ட்டுக்கு உயர்த்தும் டிசி கன்வெர்ட்டர் வேண்டும். 45 வாட் கருவி 4 ஆம்பியர் வரை இழுக்கும். இதை உங்கள் கையடக்க ஜிபிஎஸ்ஸுக்குத் துணையாக வையுங்கள், மாற்றாக அல்ல. எல்லைக் கோடு பக்கத்தில் ஓடும் கடலில் ஈரம் பட்ட லேப்டாப்பை நம்பிப் போக முடியாது.

பழைய குறிப்பேட்டிலிருந்து பார்களை ஏற்றும்போது ஒன்றில் கவனம் வேண்டும். கையடக்க ஜிபிஎஸ் 9 பாகை 16.50 நிமிடம் என்று காட்டும். அதை 9.1650 என்று தசமமாக அடித்துவிட்டால் பெரிய பிழை. 16.50 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 0.275, சரியான எண் 9.275. தவறாக அடித்த பார் 6.6 கடல் மைல் தெற்கே, அதாவது 12 கிலோமீட்டர் தள்ளி விழும். ஓபன்சிபிஎன் அமைப்பில் அலகுகள் பகுதிக்குப் போய், பாகையும் தசம நிமிடமும் என்று மாற்றிவிட்டால் குறிப்பேட்டில் உள்ளபடியே அடிக்கலாம்.