கூரைக்குக் கீழே வெளுத்துப்போன தங்கமீன்கள்

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் எட்டு சிமெண்ட் தொட்டிகளில் தங்கமீன் வளர்க்கிறேன். கொளத்தூரில் குஞ்சு வாங்கி, வளர்த்து அங்கேயே விற்பேன். சித்திரை வெயிலுக்குப் பயந்து தொட்டிகளுக்கு மேல் தகரக் கூரை போட்டேன். இப்போது இரண்டு மாதமாக ஆரஞ்சு மீன்கள் வெளுத்துக்கொண்டே வருகின்றன. வியாபாரி பாதி விலைதான் தருகிறார். தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீவனம். கேரட்டை அவித்து அரைத்துக் கலந்தும் பலனில்லை. கடையில் ஒரு கலர் பொடி கொடுத்து, "பத்து நாளில் நிறம் ஏறும், பெண் கப்பி மீனுக்கே கலர் வரும்" என்கிறார்கள். கிலோவுக்கு எவ்வளவு கலக்கலாம்?

பதில்: சகோதரி, ஒரு கிராம்கூடக் கலக்க வேண்டாம். கடைக்காரர் தன் வாயாலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கப்பி என்ற சின்ன அலங்கார மீனில் ஆணுக்குத்தான் பளிச்சென்ற கலர். பெண்ணுக்கும் அந்தக் கலர் வருகிறதென்றால் அது பெரும்பாலும் மீத்தைல் டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன். அதைத் தின்ற மீன் மலடாகலாம், நிறுத்தினால் நிறமும் போகும். நீங்களோ தீவனத்தை வெறுங்கையால் பிசைகிறீர்கள்; அந்த மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தைப் பெண்கள் கையில் கொடுத்து அனுப்பும் கடையில் இனி எதையுமே வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, கூரை போட்டதும் ஏன் வெளுத்தது என்பதை. தங்கமீனின் ஆரஞ்சும் சிவப்பும் கரோட்டினாய்டு என்ற நிறமிகளால் வருபவை. மீன் உடம்பு அதைத் தானாக உண்டாக்காது, தின்றுதான் சேர்க்க வேண்டும். தவிட்டிலும் புண்ணாக்கிலும் அது இல்லை என்றே சொல்லலாம். இத்தனை நாள் உங்கள் மீனுக்கு நிறம் கொடுத்தது தொட்டியில் இருந்த பாசி. கூரை வெயிலை மறைத்தது, பாசி செத்தது, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. வெளிச்சம் குறைந்தாலே தங்கமீன் மங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தண்ணீரை அழுக்கு என்று நினைத்து வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. காசு கொடுக்காமல் கிடைக்கும் தீவனத்தை அல்லவா சாக்கடையில் விடுகிறார்கள்! கூரையில் பாதித் தகரத்தை எடுத்துவிட்டு அங்கே நிழல்வலை கட்டுங்கள். ஒரு தொட்டியை மீன் இல்லாமல் வெயிலில் விட்டு, ஆயிரம் லிட்டருக்கு அரைக் கிலோ பசுஞ்சாணம் கரைத்து, பக்கத்துப் பண்ணையிலிருந்து இரண்டு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும். அதிலிருந்து மற்ற தொட்டிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும், அதுதான் அளவு. அதற்கு முன்னாலேயே மறைந்தால் பாசி அதிகம். கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். பாசி இரவில் ஆக்சிஜனை இழுக்கும், அதனால் விடியற்காலையில் ஏரேட்டர் ஓடியே ஆக வேண்டும்.

கேரட்டில் தப்பில்லை. அதிலிருக்கும் பீட்டா கரோட்டின் என்ற நிறமியைச் சரியாகச் சிவப்பாக மாற்றத் தங்கமீனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் உள்ள ஜியாசாந்தின் என்ற நிறமியை அது சிவப்பாக மாற்றிக்கொள்ளும். காய்ந்த செண்டுமல்லி இதழ் மஞ்சளைத்தான் ஏற்றும். எதை வாங்கினாலும் சின்னப் பொட்டலமாக வாங்கி, இருட்டில் மூடி வையுங்கள். கடை வாசலில் வெயிலில் திறந்து கிடக்கும் மூட்டையில் நிறமி பாதி செத்திருக்கும்.

நிறம் திரும்பச் சில வாரம் ஆகும், அதுவரை பாதி விலைக்கு விற்காதீர்கள். பால் வெள்ளையாகவே மாறிவிட்ட மீன்களை மட்டும் தனியே பிரித்துவிடுங்கள். அது பெரும்பாலும் வம்சக் குணம், தீவனத்தால் திரும்பாது. குஞ்சு எடுக்கவும் வைக்காதீர்கள்.

அந்தப் பொடியைக் கோபத்தில் கால்வாயில் கொட்டிவிடாதீர்கள். அங்கேயும் மீன் இருக்கிறது. பொட்டலமாகக் கட்டி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.