முதலில் தாழ்ப்பாளை மாட்டுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. குடித்துவிட்டு அடிக்கும் கணவரை விட்டுவிட்டு, ஒன்பது வயது மகளோடு அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இது அப்பா கட்டிய வீடு. அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு மகன்கள், நாங்கள் இருவர் என்று ஏழு பேர் இருக்கிறோம். இங்கே யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் தெருவில் பைக் சத்தம் கேட்டால் கைகால் விறைத்துவிடுகிறது. பல நேரங்களில் உடம்பு மரத்துப்போய், யாருடைய உடம்போ போல இருக்கிறது. தியானத்துக்கென்று கண்ணை மூடினால் பதற்றம் கூடுகிறது. குளிப்பதும் இரண்டு நிமிட வேலைதான். கொல்லையில் இருக்கும் குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்துவிட்டதால், நைட்டியோடு, ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்துக் குளித்துவிட்டு வந்துவிடுவேன். பொங்கல் கழிந்ததும் மாட்டித் தருவதாகத் தம்பி சொன்னான். இரண்டு பொங்கல் போய்விட்டது. மனதைத் திடப்படுத்திக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்.

பதில்: மனதைத் திடப்படுத்தும் வழி எதையும் நான் சொல்லப்போவதில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலால் கதவைத் தாங்கிக்கொண்டு, ஈர நைட்டியோடு குளிக்கும் ஒரு பெண், அதைக் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டு, என் உடம்பு ஏன் இன்னும் பயப்படுகிறது என்று கேட்கிறாள். ஏன் பயப்படாது? நாள் தவறாமல் அதைக் காவலுக்கு நிறுத்துவது நீங்கள்தானே?

அடி வாங்கி வாழ்ந்த ஆண்டுகளில் உங்கள் உடம்பு ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டது. வண்டிச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடக்க வேண்டும், தோள் இறுக வேண்டும், மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிட வேண்டும். ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டால், வலி தெரியாமல் மரத்துப்போக வேண்டும். அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள், உங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் ஆபத்து முடிந்துவிட்டது என்ற செய்தியை உடம்பு வாய்ச்சொல்லால் ஏற்றுக்கொள்வதில்லை. கதவு மூடியிருக்கிறது, யாரும் திறக்கவில்லை, நேற்றும் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை என்று அது தானே பார்த்துப் பார்த்துத்தான் நம்பத் தொடங்கும். ஒரு நாளில் நாம் நம் உடம்பைத் தொட்டுப் பார்க்கும் நேரமே குளிக்கும் நேரம்தான். அந்த நேரத்தையும் காவல் பணியாக்கிவிட்டு, வேறு எந்த நேரத்தில் அது இளைப்பாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

அந்த வீட்டில் யாரும் உங்களை ஒரு சொல் சொன்னதில்லை என்று நன்றியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். சோறு போட்டு, பேசாமல் இருப்பதோடு பிறந்த வீட்டின் கடமை தீர்ந்துவிடுமா? திரும்பி வந்த பெண்ணுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவைக்கூடத் தராத வீடு, அவளை இன்னும் வாசலில்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. உங்கள் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அக்கா மறுபடி கேட்காததால் அவருக்கு அது அவசரமாகப் படவில்லை. நீங்களோ விருந்தாளிபோல ஒதுங்கி நின்று, கேட்பதற்கே கூசுகிறீர்கள். அது உங்கள் அப்பா கட்டிய வீடு. அவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் மறைந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் தம்பிக்கும் உள்ள அதே அளவு பங்கு உங்களுக்கும் உண்டு. பங்கைப் பிரித்துக் கேளுங்கள் என்று தூண்டிவிட இதைச் சொல்லவில்லை, ஒரு தாழ்ப்பாள் கேட்கும்போது குரல் தாழ வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் ஊர்க் கதையைத் தம்பிக்கு நினைவூட்டுங்கள். சூலை என்னும் கடும் வயிற்று நோயில் துடித்தபடி திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இரவில் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்த தம்பியை, ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று அக்கா திலகவதியார் கணக்குக் கேட்கவில்லை. திருநீறு கொடுத்து, வீரட்டானம் என்னும் அந்த ஊர்ச் சிவன் கோயிலுக்குத் தாமே அழைத்துப்போய் நிறுத்தினார். அந்தத் தம்பிதான் பிறகு நாவுக்கரசர் ஆனார். நொந்த உடம்போடு வந்தவரை உடன்பிறந்தவர் ஏற்றுக்கொள்வது என்றால் அதுதான். உங்கள் தம்பியிடம் நான் கேட்பது அரை மணி நேர வேலை.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஒன்பது வயது மகள் எந்தக் குளியலறையில் குளிக்கிறாள்? கதவை எந்தக் காலால் பிடித்துக்கொள்கிறாள்? உங்கள் வீட்டில் யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் உடம்புக்குக் கதவு தேவையில்லை, கேட்டால் தொந்தரவு, காத்திருப்பதுதான் மரியாதை என்று இரண்டு ஆண்டுகளாக அவளுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறீர்கள். இதற்காக உங்களைக் கண்டிக்காமல் விட முடியாது.

ஆகவே இந்த வாரமே, தம்பிக்காகக் காத்திராமல், மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டவர் போல்ட் இரண்டு கேட்டு வாங்குங்கள். இரும்பில் வாங்கினால் கடல் காற்றுக்கு மறுபடியும் துருவேறும். ஓர் ஆசாரியை அழைத்து, உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்றும், மகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒன்றுமாக இரண்டு மாட்டச் சொல்லுங்கள்.

அதன் பிறகு மணையில் உட்கார்ந்து குளியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதத்திலிருந்து தொடங்கி மேலே ஊற்றிக்கொண்டு வாருங்கள். கண்ணை மூட வேண்டாம். பழைய அடியைச் சுமப்பவர்களுக்குக் கண் மூடுவது சில நேரம் பழைய அறைக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். மரத்துப்போவதாகத் தோன்றினால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி, இழுத்த மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி நாலைந்து முறை விடுங்கள். அப்படி விடும்போது நெஞ்சுத் துடிப்பு தணியும். நைட்டியை என்றைக்குக் கழற்றுவது என்பதை அவசரப்படாமல் நீங்களே முடிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமையில் அம்மாவை உச்சந்தலையில் எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள், போதும் என்று நீங்கள் சொன்னதும் அவர் கையை எடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு.

விறைப்பும் மரத்துப்போவதும் இத்தனை நாள் நீடிப்பதால், மனநல மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கணவர் தேடி வந்து மிரட்டினால் மகளிர் உதவி எண்ணான 181ஐ அழையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், நீங்கள் அம்மா வீட்டில் இருந்தாலும் உங்களுக்குப் பொருந்தும்.

தாழ்ப்பாள் மாட்டிய அன்று நீங்கள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து மகளைத் தன் பலம் கொண்ட மட்டும் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவள் உள்ளே போகட்டும், நீங்கள் வெளியிலிருந்து தள்ளுங்கள்.