ஜெயித்துவிட்டால் தப்பில்லையா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகன் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். போன வாரம் இருவரும் உட்கார்ந்து ‘தி பாஸ்கெட்பால் ஃபிக்ஸ்’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தோம். வசதியில்லாத ஒரு பையன் சூதாடியிடம் பணம் வாங்கிக்கொண்டு புள்ளியைக் குறைத்து ஆடுகிற கதை. “டீம் தோற்காத வரைக்கும் இதில் என்னம்மா தப்பு?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை.
– ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மகன் கேட்டானே என்று கலங்காதீர்கள். மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் அம்மாவிடம் கேட்டிருக்கிறான், அதுவே நல்லது.

அந்தச் சூதாட்டம் நடக்கிற விதத்தை முதலில் அவனுக்குச் சொல்லுங்கள். இந்த அணி ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒரு கணக்கு வைப்பார். அதற்குக் குறைவாக ஜெயித்தால் எதிரணி மேல் கட்டியவருக்குத்தான் பணம். அதனால் அவருக்கு இந்த அணி தோற்க வேண்டியதில்லை. நாலு புள்ளியில் ஜெயித்தாலே அவர் பணம் பெருகிவிடும். ‘தோற்றுப் போ’ என்று யாராவது சொன்னால் ரோஷமுள்ள பையன் சட்டையைப் பிடிப்பான். ‘ஜெயிச்சுக்கோ, கொஞ்சமா ஜெயி’ என்றால்தான் மனசு சறுக்குகிறது.

ஆனால் ஆடுகளத்தில் என்ன நடக்கிறது? கூடைக்குப் பக்கத்தில் கூட்டாளி தனியாக நிற்கிறான். பந்து அவனுக்கு அரை நொடி தாமதமாகப் போகிறது. தடுக்க வேண்டிய கால் ஓர் எட்டு பின்தங்குகிறது. கேலரியில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. விஷயம் தெரியாத மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருப்பார்கள். பணம் வாங்கியவன் ஏமாற்றுவது முதலில் அவர்களைத்தான்.

படம் 1951-இல் வந்தது. பெரிய காவியமில்லை, அவசரமாக எடுத்தது என்று பார்த்தாலே தெரியும். ஆனால் அதே ஆண்டு நியூயார்க்கில் வெடித்த, இதேபோல் பணம் வாங்கிப் புள்ளியைக் குறைத்த விவகாரம்தான் அதற்குப் பின்னணி. அன்று கட்டணமே வாங்காத அந்த ஊர் சிட்டி காலேஜ், 1950-இல் என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. என்ற இரண்டு பெரிய கல்லூரிக் கூடைப்பந்துக் கோப்பைகளையும் வென்றிருந்தது. ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற அணி இன்றுவரை அது ஒன்றுதான். மறு ஆண்டு பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா போய் டெம்பிள் அணியை ஜெயித்துவிட்டு ரயிலில் திரும்பிய அதன் வீரர்கள் மூன்று பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்றைக்கும் ஜெயித்துவிட்டுத்தான் வந்தார்கள் என்பதை உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

தோண்டத் தோண்ட ஏழு கல்லூரிகள், முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் என்று போயிற்று. 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அலெக்ஸ் குரோசாவுக்கும் ரால்ஃப் பியர்டுக்கும் தொழில்முறை கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஆட ஆயுள் தடை விழுந்தது. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ஷெர்மன் ஒயிட், நாட்டிலேயே முன்னணி வீரராக இருந்தவர், சிறைக்குப் போனார். என்.பி.ஏ. அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இந்தப் பையன்களை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

படத்தில் இல்லாத ஒருவரைப் பற்றியும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். மன்ஹாட்டன் காலேஜில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஜூனியஸ் கெல்லாக். அவருக்கு அப்போது கையில் காசு கிடையாது. ஆயிரம் டாலர் தருகிறேன் என்று ஆசை காட்டியது முன்பின் தெரியாத ரவுடி இல்லை, அதே கல்லூரி அணியில் முன்பு ஆடியவர். கெல்லாக் நேராகப் போய் பயிற்சியாளர் கென் நார்ட்டனிடம் சொல்லிவிட்டார். விவகாரம் வெளியே வந்ததே அதிலிருந்துதான்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். இது அந்தக் காலத்தோடு போகவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு உங்கள் மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படியே நடக்கிறது, அதுவும் கையில் இருக்கும் ஃபோனிலேயே. மகனுக்குத் தூண்டில் வந்தால் பணக்கட்டோடு வராது. “உங்க டீமில் அவனுக்குக் கால் சுளுக்காமே, நாளைக்கு ஆடுவானா?” என்று கூடப் படிக்கிற பையன் சாதாரணமாகக் கேட்பான். பந்தயம் கட்டுகிறவர்களுக்கு இப்படி உள்விவரம் கொடுப்பதே, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி குற்றம். இது அவனுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. காசு முடை வந்தால் வீட்டில் கேட்கலாம், யாரும் திட்ட மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘அவனுக்கே தெரியும்’ என்று விட்டுவிடாதீர்கள். யாராவது அணுகினால் அன்றைக்கே பயிற்சியாளரிடம் போகட்டும், முதல் ஃபோன் உங்களுக்கு வரட்டும்.

இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து உபதேசமாகச் சொல்ல வேண்டாம். பயிற்சி முடிந்து காரில் கூட்டி வரும்போது கெல்லாக் கதையிலிருந்து ஆரம்பியுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.